அம்மாவுக்கு மூச்சு வாங்குறதுக்கு மோர்பின் எழுதி குடுத்துட்டாங்க, குடுக்கலாமா?

கொழுந்துக்கூடை:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு நானுஓயா பக்கம் தேயிலைத் தோட்டம், நான் கொழும்புல கடையில நிக்கிறேன், வீட்டுல அம்மாவும் தங்கச்சியும்தான். அம்மாவுக்கு 67 வயசு, அஞ்சு வருஷமா கிளினிக் கொப்பியில சிஓபிடினு, அதான் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்னு, எழுதி இருக்கு. பீடி சுருட்டு ஒரு நாளும் தொட்டதில்ல. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு லயத்து காம்பராவுக்குள்ள (ரூமுக்குள்ள) ஈர வெறகு போட்டு ஊதாங்குழல்ல ஊதி ஊதி ரொட்டி சுட்டு வச்சிட்டு மலைக்கு கொழுந்து பறிக்க போவாங்க, 35 வருஷம் அதேதான், அந்த பொகதான் நெஞ்ச கெடுத்துருச்சுனு டொக்டர் சொன்னாரு. இப்ப அதே ஊதாங்குழல கையில குடுத்தா ஒரு ஊது ஊத முடியாது.

இஸ்தோப்புல (வாசத் திண்ணையில) இருந்து தண்ணி புடிக்கிற பீலிக்கு எட்டு வச்சு நடந்தா இருவது இருக்கும், நடுவுல ரெண்டு தரம் நிக்கிறாங்க. மொகம் கழுவிட்டு வந்தா கால் மணித்தியாலம் பேச்சு வராது, ரெண்டு கையையும் முழங்கால்ல ஊண்டிக்கிட்டு தரைய பாத்துக்கிட்டே இருப்பாங்க. வாயில வச்சு இழுக்குற பம்ப் ரெண்டு வகை அடிக்கிறாங்க, மாத்திரையும் போகுது, இதுக்கு மேல கூட்ட ஒண்ணும் இல்லனு சொல்லிட்டாங்க.

போன கெழம கிளினிக்ல மோர்பின் தண்ணி மருந்து எழுதி இருக்காங்க, ஒரு தரத்துக்கு 2.5 மில்லிகிராம், காலையும் ராவும். தங்கச்சி மருந்து எடுக்க போன எடத்துல நின்னவரு "இது கேன்சர்காரங்களுக்கு கடைசியில குடுக்குறதாச்சே, அம்மாவுக்கு கேன்சரா"னு கியூவுல நின்ன எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேட்டுட்டாரு. அது அழுதுக்கிட்டே போன் பண்ணுச்சு. மாமா வேற மூச்சுக்கு கஷ்டப்படுறவளுக்கு மூச்ச அமத்துற மருந்தானு சத்தம் போடுறாரு. போத்தல் இன்னும் சாமி படத்துக்கு பின்னால அப்பிடியே இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க, குடுக்கலாமா, பழகிப்போயிருமா? இல்ல ஒட்சிசன் மெசின் வாங்குறது நல்லமா? விரல்ல மாட்டி பாத்தா ஒட்சிசன் அளவு 91, 92 காட்டுது.

நைட் டியூட்டி நேர்ஸ்:
தம்பி, நான் யாழ்ப்பாணம், இப்ப மலையகத்தில ஒரு ஆஸ்பத்திரியில வேலை. மாமா கேட்டது பிழையான கேள்வி இல்ல. மோர்பின் கூடினா மூச்சை அமத்தும், அது உண்மை. ஆனா இது மற்ற அளவு. மூச்சுத்திணறலுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், கூடிப்போனா 20, 30க்குள்ளதான் நிப்பாட்டுறது, உங்கட அம்மாவுக்கு 5தான். சுவீடன்ல ஒட்சிசன்ல இருக்கிற சிஓபிடி ஆக்கள் 2,249 பேரை பார்த்து 2014ல எழுதினவை, 30 மில்லிகிராமுக்கு உள்ள எடுத்த ஆக்களிட்ட சாவு கூடேல்ல, ஆஸ்பத்திரிக்கு வாறதும் கூடேல்ல, அதுக்கு மேல போனவையிட்டதான் சாவு கூடினது.

இது மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து இல்ல. பம்ப் செய்யிற வேலை வேற. மூளை "காத்து காணாது காத்து காணாது" என்டு அலறுது பாருங்கோ, அந்த அலறலை கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அதால பம்பை நிப்பாட்டக் கூடாது.

இப்ப கவனமா வாசியுங்கோ. 2.5 மில்லிகிராம் வேற, 2.5 மில்லிலீட்டர் வேற. போத்தல்ல 5 மில்லிலீட்டருக்கு 10 மில்லிகிராம் என்டு இருந்தா அம்மாவுக்கு 1.25 மில்லிலீட்டர்தான் வரும், 2.5 வரைக்கும் இழுத்தா இரட்டிப்பு டோஸ். தேக்கரண்டியால குடுக்க வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்டு கேட்டு வாங்கி அதில எந்த கோடு என்டு பேனையால அடையாளம் போடச் சொல்லுங்கோ, தங்கச்சிக்கு முன்னால. பிறகு எப்பவாவது மெல்லமா வேலை செய்யிற குளிசை தந்தா அதை உடைக்கவோ பொடி செய்யவோ கூடாது, முழுசா விழுங்கவேணும்.

மலச்சிக்கல் வரும். வருமோ என்டு பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், முதல் நாளே அதுக்கும் மருந்து சேர்த்து கேளுங்கோ. முதல் ரெண்டு மூன்று நாள் ஓங்காளம், நித்திரை தூக்கம் இருக்கும், பிறகு குறையும். கிட்னி பழுது இருக்கோ என்டு டொக்டருக்கு தெரியவேணும், இருந்தா மருந்து உடம்பிலயே தேங்கும். நித்திரை குளிசை, தடிமன் சளிக்கு எடுக்கிற தூக்க மருந்து, சாராயம் ஒன்டும் சேர்க்கக் கூடாது. எழுப்பியும் எழும்பாட்டி, மூச்சு மெல்ல மெல்லமா இழுபட்டா, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கினா 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, யோசிக்க வேண்டாம்.

பழக்கம் என்டு பயப்பிடுறது இந்த அளவில தேவையில்லாத பயம். ஒட்சிசன் 88 இல்லாட்டி அதுக்கும் கீழ நிக்கிற ஆக்களுக்குத்தான் வீட்டு மெசின். 91க்கு காசை கொட்டாதேங்கோ, உங்கட உயரத்தில கொழும்பை விட ஒன்டு ரெண்டு குறைய காட்டுறது புதினமும் இல்ல.

பிளேன்டி:
நேர்ஸம்மா சொன்ன டோஸ் கதை எல்லாம் சரி, அத அப்பிடியே கேளுங்க தம்பி. ஆனா மருந்து வேலை செய்யுமாங்கிறதுல எனக்கு கொஞ்சம் சந்தேகம் இருக்கு. நான் தோட்டத்து டிஸ்பென்சரியில முப்பது வருஷத்துக்கு கிட்ட இருந்தவன், இப்ப வீட்டுல சும்மா இருக்கேன், இதெல்லாம் வாசிக்கிறதுதான் பொழுதுபோக்கு.

2003ல அவுஸ்திரேலியாவுல 48 பேருக்கு நாள் ஒண்ணுக்கு 20 மில்லிகிராம் நாலு நாள் குடுத்து பாத்தாங்க, மூச்சுத்திணறல் கொறைஞ்சிச்சு, அதுல இருந்துதான் இந்த பேச்சு சூடு புடிச்சது. 2019ல அங்க அரசாங்கமே இதுக்குனு அனுமதியும் குடுத்துச்சு. பொறகு அதே நாட்டுல 156 சிஓபிடிகாரங்களுக்கு 8, 16 மில்லிகிராம்னு ஒரு கெழம குடுத்து 2022ல முடிவு சொன்னாங்க, மருந்தே இல்லாத சும்மா மாத்திரை எடுத்தவங்களுக்கும் இவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. 2024ல இங்கிலாந்துல 140 பேர், 5 மில்லிகிராம் ரெண்டு வேளை, 28 நாள், அதுவும் அதே கதைதான். அதனால "குடிச்சா மூச்சு லேசாயிரும்"னு அம்மாகிட்ட வாக்கு குடுத்துராதீங்க. சிலருக்கு கேக்கும், நெறைய பேருக்கு கேக்காது. ஒரு கெழம ரெண்டு கெழம குடுத்து பாருங்க, மாத்தம் இல்லனா டொக்டர்கிட்ட சொல்லிட்டு நிப்பாட்டுங்க. இழுத்துக்கிட்டே போறதுதான் தப்பு.

அது கெடக்கட்டும், இப்பவும் காம்பராவுக்குள்ள வெறகு அடுப்புதானா? அத சொல்லாம விட்டுட்டீங்களே. அது எரிஞ்சிக்கிட்டு இருக்கிற வரைக்கும் மோர்பின பத்தி சண்ட புடிக்கிறது ஓட்ட வாளியில தண்ணி புடிச்ச கதைதான்.

பண்டாரவளை அக்கா:
நம்ம அப்பாவுக்கு குடுத்தோம் தம்பி. நாலு நாள்ல கொஞ்சம் நல்லம்னாரு, ராத்திரி உக்காந்தே கெடக்கிற மனுசன் சாஞ்சு படுத்தாரு. ஆனா வயிறு போகல, ஆறு நாள்! நாங்க பப்பாசியும் சுடுதண்ணியும் குடுத்துக்கிட்டு இருந்தோம், அது பத்தாதுனு யாரும் சொல்லல. முக்கி முக்கி மூச்சு இன்னும் மோசமாகி, அப்பா "எனக்கு இது வேணாம்"னு போத்தல தள்ளிட்டாரு. நேர்ஸ் சொல்றத முதல்லயே யாராச்சும் சொல்லி இருந்தா விட்டுருக்க மாட்டோம்.

ஒண்ணு சொல்றேன் சிரிக்காதீங்க, கையில புடிக்கிற குட்டி பேன். மூக்குக்கும் கன்னத்துக்கும் நேரா ஒரு சாண் தூரத்துல புடிச்சா திணறல் கொஞ்சம் இறங்கும், அப்பாவுக்கு அதுதான் கடைசி வரைக்கும் கை குடுத்துச்சு. இந்த குளிருல பேனானு பெரியம்மா திட்டுனாங்க, சளி புடிக்கும்னு, நான் காதுல வாங்கல. அப்புறம் சூடான பிளேன்டிய (பால் இல்லாத தேத்தண்ணிய) ஊதுற மாதிரி ஒதட்ட குவிச்சு மெல்ல மெல்ல காத்த வெளிய விடணும், இழுக்குறதுக்கு எவ்வளவு நேரமோ அதுக்கு ரெண்டு மடங்கு விடுறதுக்கு.

ஆமா, அம்மாகிட்ட யாராச்சும் கேட்டீங்களா, அவங்களுக்கு என்ன வேணும்னு?

கொழுந்துக்கூடை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா கேட்டது சுருக்குனு பட்டுச்சு, நாங்க நாலு பேரு சண்ட புடிச்சோமே தவிர அம்மாகிட்ட கேக்கவே இல்ல. நேத்து ராத்திரி போன்ல கேட்டேன். நடுவுல நிக்காம பீலிக்கு போய் தானே தலைக்கு தண்ணி ஊத்திக்கணுமாம், தங்கச்சி ஊத்தி விடுறது வெக்கமா இருக்காம். வேற ஒண்ணும் வேணாமாம்.

தங்கச்சி போத்தல படம் எடுத்து அனுப்புச்சு, 5 மில்லிலீட்டருக்கு 10 மில்லிகிராம்னுதான் போட்டிருக்கு. நல்லவேளை, அது 2.5ன்ற கோடு வரைக்கும்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்துச்சு!! நாளைக்கு கொப்பியோட போயி சிரிஞ்சுல கோடு போட்டுக்கிட்டு, வயித்துக்கு மருந்தும் கேட்டு, கிட்னி ரிப்போட்டையும் காட்டிட்டுதான் ஆரம்பிக்கும். பீலிக்கு போக எத்தன தரம் நிக்கிறாங்கனு கலண்டர்ல குறிச்சு வைக்க சொல்லி இருக்கேன், ரெண்டு கெழமையில கொறையலனா நிப்பாட்டலாமானு டொக்டர்கிட்டயே கேக்குறோம்.

பிளேன்டி அண்ணே, ஆமா வெறகுதான். இந்த மாச சம்பளத்துல கேஸ் அடுப்பு வாங்கிட்டு வாரேன்னேன். அம்மா ஒத்துக்கல, கேஸ்ல சுட்ட ரொட்டி ரொட்டியானு கேக்குறாங்க.

பிளேன்டி:
அப்ப அடுப்ப வெளிய தகரத்துக்கு கீழ மாத்தி வையுங்க தம்பி, ரொட்டி தங்கச்சி சுடட்டும், அம்மா தள்ளி உக்காந்து குத்தம் சொல்லட்டும்.