புதுப்பிப்பு: பூங்காவின் மதிப்பு, என் கணக்கில் இருந்த ஓட்டை

போன வாரம் எழுதிய இழையில், அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் மதிப்பை 'நுழைவுக் கட்டணம் பெருக்கல் பார்வையாளர் எண்ணிக்கை' என்று போட்டிருந்தேன். "அப்படியானால் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் பூங்காவின் மதிப்பு பூஜ்யமா?" என்று ஒருவர் கேட்டார். சரியான அடி. அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. ஆனாலும் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் வருகைகள்.

இந்தச் சிக்கலுக்குப் பொருளியலாளர் ஹெரால்டு ஹோட்டலிங் 1947-லேயே அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வழி சொல்லிவிட்டார். பயணச் செலவுதான் உண்மையான டிக்கெட். பூங்காவைச் சுற்றித் தூரவாரியாக வட்டங்கள் போட வேண்டும். ஒவ்வொரு வட்டத்திலும் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் வருகிறார்கள், வந்துபோக எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தால் தேவைக் கோடு, அதாவது செலவு ஏற ஏற வருகை எப்படிக் குறைகிறது என்ற படம், கிடைத்துவிடும். பக்கத்து ஊர்க்காரர் குறைந்த செலவில் அனுபவிக்கும் உபரிதான் மதிப்பு; அதாவது, அவர் கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் உண்மையில் செலவழித்ததற்கும் உள்ள வித்தியாசம். அவர் பெட்ரோலுக்கும் ஹோட்டலுக்கும் கொடுத்த பணம் அல்ல. மதிப்பையும் கொடுத்த பணத்தையும்தான் நான் குழப்பியிருந்தேன். 1959-இல் மேரியன் கிளாசன் என்ற பொருளியலாளர் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி போன்ற பூங்காக்களுக்கு இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இதிலும் இடிக்கும் இடங்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவையும் யோசெமிட்டியையும் ஒரே பயணத்தில் பார்ப்பவரின் விமானச் செலவை எப்படிப் பிரிப்பது? காரில் கழியும் நேரத்துக்கு என்ன விலை? பலர் கூலியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் குத்துமதிப்பாகவே படுகிறது. அப்புறம், போகாமலே 'அது இருக்கட்டும்' என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

போன வார இழையில் இருந்த பழைய அட்டவணையை நீக்கிவிட்டேன்.