எழுத்து ஒருநாள், தாலி இன்னொருநாள்: ஸ்பொன்சர் அனுபவங்கள்

ஸ்காபரோவிலிருந்து

கணவரை ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்குக் கூப்பிட்ட கதையை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். இப்போது அலுவல் தொடங்குகிற பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் விட்ட பிழையையும் சேர்த்துத்தான்.

எங்கள் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, 2015 டிசம்பர் 28 அன்று கொக்குவிலில், அம்மம்மா வீட்டு விறாந்தையில் நடந்தது. வேலையிடத்தில் எனக்கு லீவு கிடைத்தது நத்தாரை ஒட்டிய மூன்று கிழமைதான். அது மார்கழி. "மார்கழியில தாலி கட்டேலாது பிள்ளை, எழுத்தை மட்டும் வைப்பம்" என்று அம்மம்மா சொல்லிவிட்டா. பதிவாளர் வந்தார், கையெழுத்து வைத்தோம், வந்த சனத்துக்குப் பலகாரமும் தேத்தண்ணியும் கொடுத்தோம். அன்று பின்னேரமே அவர் இணுவிலுக்குத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் இதை ஒருவரும் புதினமாகப் பார்க்க மாட்டார்கள். எழுத்தோடு சட்டப்படி புருசன் பெண்சாதி. தாலி ஏறின பிறகுதான் ஒரு வீட்டில் இருப்பது.

கனடா திரும்பி வந்ததும், ஸ்பொன்சர் படிவம் நிரப்புவதற்காக, தெரிந்தவர்கள் சொன்ன ஒருவரிடம் போனேன். எழுத்துக்குப் பிறகு எவ்வளவு நாள் சேர்ந்து இருந்தீர்கள் என்று கேட்டார். "இருக்கேல்லை அண்ணா, தாலி இன்னும் கட்டேல்லை" என்றேன். "அப்பிடிப் போட்டா விசாவுக்குச் செய்த கலியாணம் எண்டு நினைப்பாங்கள். மூண்டு கிழமை ஒண்டாய் இருந்ததெண்டு போடுவம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனாலும் அவருக்குத் தெரியும்தானே என்று கையெழுத்து வைத்துவிட்டேன். காசு வாங்கியவர், பிரதிநிதி என்ற இடத்தில் தன் பெயரைப் போடவே இல்லை. காசு வாங்கிக்கொண்டு இந்த வேலை செய்பவர் சட்டத்தரணியாகவோ உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும் என்பதும், தன் பெயரைப் படிவத்தில் போட வேண்டும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

2016 ஆவணியில் போய்த் தாலி கட்டினோம். ஒரு மாதம் இணுவிலில் அவர் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். அடுத்த மாசியில் கொழும்பில் அவருக்கு நேர்முகம். கலியாணம் முடிந்த இரவு எங்கே தங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "எழுத்துக்கோ, தாலிக்கோ?" என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். மொழிபெயர்த்தவர் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார். இவர் பொய் சொல்லத் தெரியாத மனுசன். எழுத்தன்று தன் வீட்டில் படுத்ததை அப்படியே சொல்லிவிட்டார். படிவத்தில் இருந்ததோ வேறு.

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. உங்கள் உறவு உண்மையானதா என்பதில் ஐயம் இருக்கிறது, தந்த தகவல்கள் முரண்படுகின்றன, 30 நாளுக்குள் விளக்கம் தரவும். தவறான தகவல் தந்ததாகத் தீர்மானித்தால் அவர் 5 வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இரவு வேலை முடித்து வந்து அந்தக் கடிதத்தைக் குசினி மேசையில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தேன்.

ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் போனேன். அவ சொன்னது ஒன்றுதான்: படிவத்தில் போட்டது பிழை என்று நீரே எழுதும், ஏன் சேர்ந்து இருக்கவில்லை என்பதை உங்கள் வழக்கத்தை வைத்தே விளக்கும். அப்படியே எழுதினேன். எழுத்து என்றால் என்ன, தாலி என்றால் என்ன, மார்கழியில் ஏன் தாலி கட்டுவதில்லை என்று மூன்று பக்கம். அம்மம்மா ஒரு கடிதம் தந்தா, ஐயர் ஒரு கடிதம் தந்தார். பஞ்சாங்கத்தில் அந்த மார்கழிப் பக்கத்தை மொழிபெயர்த்து, ஆவணி அழைப்பிதழோடு சேர்த்து அனுப்பினேன்.

அவருக்குக் காசு அனுப்பிய பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரு பிஸ்கட் ரின்னில் இருந்தன. ஒன்றரை வருடமாகச் சேர்த்தவை. திறந்தால் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். கடைகளில் தருகிற அந்த மினுக்கத் தாளில் அச்சு நிற்காது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கடையின் பெயரும் தொகையில் ஒரு 5-உம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நல்ல காலம், அந்தக் கடைக்காரர் கணினியிலிருந்து முழுப் பட்டியலையும் எடுத்துத் தந்தார். நீங்கள் காசு அனுப்புகிற அன்றைக்கே பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

ஆனி மாதம் விசா. 2017 செப்டெம்பரில் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்கினார். நாங்கள் விண்ணப்பித்த காலத்தில், கலியாணமாகி இரண்டு வருடம் ஆகாத, பிள்ளை இல்லாத தம்பதிகள் கனடா வந்தபிறகும் 2 வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். அடிக்கிற கணவனை விட்டு வெளியேற முடியாமல் அந்த 2 வருடத்தை எண்ணிக்கொண்டிருந்த பெண்களை எனக்குத் தெரியும். அது போனது பெரிய காரியம்.

பிரம்டனிலிருந்து

தங்கச்சி எழுதினதை வாசித்தேன். என்னுடையது பெற்றோர் அலுவல். கணவன் மனைவிக்கு நாட்டின் கதவு எப்போதும் திறந்திருக்கும், பெற்றோருக்கு அப்படியில்லை.

2019 ஜனவரி 28, மத்தியானம் 12 மணிக்கு, பெற்றோரை ஸ்பொன்சர் பண்ண விரும்புகிறவர்களுக்கு இணையத்தில் படிவம் திறந்தார்கள். முந்துகிறவருக்கு இடம். நானும் மனைவியும் இரண்டு கணினியில் இருந்தோம். முகவரி எழுதிக்கொண்டிருக்கும்போதே மூடிவிட்டது. பத்து நிமிடமளவில் எல்லாம் முடிந்தது. அடுத்த வருடம் குலுக்கல் முறைக்கு மாற்றினார்கள். 2020 அக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை பெயர் பதியலாம். பதிந்தேன். 2021 செப்டெம்பரில் அழைப்பு வந்தது.

அதற்குப் பிறகு வருமானக் கணக்கு. மூன்று வருட வரி மதிப்பீட்டுத் தாள் காட்ட வேண்டும், குறைந்த வருமான எல்லைக்கு மேல் 30 வீதம் கூடுதலாக இருக்க வேண்டும். கொரோனாவால் 2020, 2021 ஆண்டுகளுக்கு அந்த 30 வீதத்தை விட்டார்கள். 2020-இல் எனக்கு நாலு மாதம் வேலை இல்லை. அந்தச் சலுகை இல்லையென்றால் என் கோப்பு நின்றிருக்காது.

2022-இல் அப்பா போய்விட்டார். சாவகச்சேரியில், மெடிக்கலுக்கு அழைப்பு வர முன்பே. முதன்மை விண்ணப்பதாரர் அம்மா என்பதால் கோப்பு நிற்கவில்லை. மரணச் சான்றிதழை மொழிபெயர்த்து ஏற்றி, குடும்ப விபரத்தில் அப்பாவின் பெயருக்கு நேரே "காலமானார்" என்று நானே தட்டச்சுச் செய்ய வேண்டியிருந்தது. விண்ணப்பம் தொடங்கிய நாளில் அவர் சந்தோசமாகப் படம் எடுக்க ஸ்ரூடியோவுக்குப் போன ஆள்.

அம்மா 2023-இல் வந்தா. அப்போது 71 வயது. பெற்றோருக்கு 20 வருடப் பொறுப்பு என்று நான் கையெழுத்து வைத்திருக்கிறேன், அதற்குள் அவ அரச உதவிப் பணம் எடுத்தால் நான் திருப்பிக் கட்ட வேண்டும். 91 வயது வரை அம்மா என் பொறுப்பு. அந்தக் கையெழுத்தை முழு மனதோடுதான் வைத்தேன்.

2021 முதல் 2025 வரை அழைப்பு எல்லாம் அந்த 2020 பட்டியலில் இருந்துதான் போனது. அப்போது பதியாதவர்களுக்குச் சூப்பர் விசாதான் (பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்கும் வருகை விசா) வழி. 2022 ஜூலையிலிருந்து ஒரு வருகைக்கு 5 வருடம் இருக்கலாம், ஆனால் ஒரு லட்சம் டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். வயது போனவர்களுக்கு அந்தக் காசு ஒரு சுமைதான். இருந்தாலும் பதிவு திறக்கும் என்று காத்திருக்காமல் பெற்றோரைக் கூப்பிட்டுப் பாருங்கள். நான் அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாம்.

மொன்றியலிலிருந்து

கியூபெக்கில் இருப்பவர்கள் கவனிக்க: பெற்றோருக்கு இங்கே பொறுப்புக் காலம் 10 வருடம், மாகாணத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்குத் தாமதம் வந்தது பெயரால். மனைவியின் பிறப்புச் சான்றிதழ் தமிழில். மொழிபெயர்த்தவர் அதில் மாமாவின், அதாவது மனைவியின் அப்பாவின், பெயரை ஒரு எழுத்துக்கூட்டில் எழுத, பாஸ்போட்டில் வேறு மாதிரி இருந்தது. சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி எடுத்துக் கொடுத்துத்தான் தீர்ந்தது. மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே பாஸ்போட் பிரதியையும் கொடுங்கள்.

அஜாக்ஸிலிருந்து

அக்கா, எனக்கு வருகிற தையில் எழுத்து, சித்திரையில் தாலி. தையில் லீவு கிடைக்காவிட்டால் வீடியோவில் எழுத்து வைக்கலாமோ? படிவத்தில் எந்த நாளைப் போடுவது? அவரின் தங்கச்சிக்கு 20 வயது, அவவையும் சேர்க்கலாமோ?

ஸ்காபரோவிலிருந்து

வீடியோ வேண்டாம் பிள்ளை. 2015 ஜூனிலிருந்து இரண்டு பேரும் ஒரே இடத்தில் நேரில் நின்று செய்யாத கலியாணத்தைக் குடிவரவுக்கு ஏற்க மாட்டார்கள். லீவு இல்லையென்றால் சித்திரையில் இரண்டையும் சேர்த்து வையுங்கள். தங்கச்சியை உங்கள் கோப்பில் சேர்க்க முடியாது.

எழுத்து நாளைத்தான் கலியாண நாளாகப் போட வேண்டும். தாலி கட்டும் நாளைத் தனித் தாளில் எழுதி, அதுவரை ஏன் வேறு வேறு வீட்டில் இருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அம்மம்மா இருந்தால் இப்போதே அவவிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.