பழைய பெட்ரோமாக்ஸில் காற்று நிற்கவில்லை. டாங்கியில் துளையிட்டு எல்.இ.டி. வைக்கலாமா?

ஆயர்ஈத்தாம்_வாசி:

அன்பர்களுக்கு வணக்கம். பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் என் பாட்டனார் வேலை செய்த காலத்தில், லயத்துக் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஏற்றிய பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 829 என்ற எண்ணும் 500 சி.பி. (மெழுகுவத்தி ஒளித்திறன்) என்ற குறியும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. பம்பை இழுத்து அழுத்தினால் கைக்கு எந்த எதிர்ப்பும் தெரிவதில்லை. சில வேளைகளில் கொஞ்சம் காற்று ஏறினாலும், பம்பின் பிடி தானாகவே மேலே எழும்பி வருகிறது. அளவுமானியின் முள் சிவப்புக் கோட்டை எட்டுவதே இல்லை. டாங்கியின் மேல்பூச்சு பல இடங்களில் உரிந்து பித்தளை தெரிகிறது. டாங்கியில் ஒரு துளை போட்டு மின்கம்பியை நுழைத்து எல்.இ.டி. விளக்காக மாற்றி, குரோம் பூசிவிடலாம் என்கிறார் என் மைத்துனர். எனக்கோ அது மண்ணெண்ணெயிலேயே எரிய வேண்டும் என்று ஆசை. வீட்டுப் பின்கட்டில் ஒரு மேசையும் சாதாரணக் கருவிகளும் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது என்று சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பட்டர்வொர்த்_பட்டறை:

வணக்கம் ஐயா. முதலில் ஒரு வேண்டுகோள்: டாங்கியில் துளை போடாதீர்கள். இந்த விளக்கின் உயிரே அந்த டாங்கி காற்றைப் பிடித்து வைத்திருப்பதில்தான் இருக்கிறது. ஒரு முறை துளைத்துவிட்டால், பிறகு எவ்வளவு ஈயம் வைத்து அடைத்தாலும் அதை நம்பி அழுத்தம் ஏற்ற முடியாது.

நீங்கள் சொல்லும் குறிகளிலிருந்து இரண்டு கோளாறுகள் புலப்படுகின்றன. பம்பில் எதிர்ப்பு இல்லை என்றால், தண்டின் முனையிலுள்ள கிண்ணம் போன்ற தோல் வாசர் காய்ந்து சுருங்கிவிட்டது என்று பொருள். தண்டைக் கழற்றித் தோலைப் பாருங்கள். விரலால் மடக்கும்போது வெடிக்காமல் இருந்தால் அது இன்னும் பிழைக்கும். தையல் மிஷினுக்கு விடும் எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல வெளிப்புறமாக விரித்துவிடுங்கள். காய்ந்திருந்தபோது ஓடு போல் கடகடத்த தோல், எண்ணெய் குடித்தபின் கறுத்துக் குழைந்து, குழாய்க்குள் நுழையும்போது சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் பிடிப்புதான் நமக்கு வேண்டும். கிண்ணத்தின் வாய் டாங்கியை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எத்தனை முறை அடித்தாலும் காற்று உள்ளே போகாது.

பிடி தானாக எழும்புவது வேறு கதை. பம்புக் குழாயின் அடியில் இருக்கும் ஒருவழி வால்வு, உள்ளே போன காற்றைத் திரும்ப விடுகிறது. அந்த வால்வுக்குள் ஒரு சிறு சுருள்வில்லும், பட்டாணி அளவிலும் சிறிய ஓர் அடைப்புத் துண்டும் இருக்கும். அந்தத் துண்டு கெட்டிப்பட்டுப் பள்ளம் விழுந்திருக்கும். வால்வின் தலைப்பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி கிடைக்கும் வரையில் அதில் கை வைக்க வேண்டாம், ஏனென்றால் பித்தளைப் பிளவு மழுங்கிவிட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள். புதிய துண்டையும் எண்ணெய் மூடியின் வளையத்தையும் நைட்ரைல் என்னும் எண்ணெய் தாங்கும் ரப்பரில் போடுங்கள். சாதாரண ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறி உப்பிவிடும்.

பித்தளைப்பிரியன்:

அண்ணன் சொன்ன பழுதுவேலையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேல்பூச்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். குரோம் பூசுவதற்கு முன் பழைய பூச்சை உரித்துச் சக்கரத்தில் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் டாங்கியில் அச்சடித்த எழுத்தும் எண்ணும் மழுங்கிப்போகும், தகடும் மெலியும். பெர்லினில் ஏரிக் அண்டு கிரேட்ஸ் நிறுவனம் உருவாக்கிய விளக்கு இது. மாக்ஸ் கிரேட்ஸின் பெயர்தான் அதில் ஒட்டியிருக்கிறது. அந்த அச்சு அழிந்தால் பிறகு கொண்டுவர வழியில்லை.

அம்மோனியா கலந்த பாலிஷையும் தவிர்த்துவிடுங்கள். பிரிட்டிஷ் இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியாவும் ஈரமும், தகட்டை அழுத்தி உருவாக்கியபோது அதற்குள்ளேயே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல் விளக்கப்பட்டது. நம் டாங்கியும் அழுத்தி உருவாக்கிய பித்தளைதான். பினாங்கின் ஈரமோ ஆண்டு முழுவதும் இருக்கிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

ஆயர்ஈத்தாம்_வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. தோல் உயிர் பெற்றுவிட்டது, வால்வையும் மாற்றிவிட்டேன். இப்போது முள் ஏறுகிறது. ஆனால் சிறிது நேரத்தில் மீண்டும் இறங்கிவிடுகிறது. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? டாங்கியில் வெடிப்பு இருந்தால் ஈயம் வைக்கலாமா?

பட்டர்வொர்த்_பட்டறை:

டாங்கியிலுள்ள எண்ணெயை முழுதும் வடித்து, கண்ணாடியையும் மேற்கூட்டையும் கழற்றிவிட்டு, எண்ணெய் வழியைத் திறந்து மூடும் கைச்சக்கரத்தை மூடிய நிலையில் வைத்துக் கொஞ்சமாகக் காற்று ஏற்றுங்கள். பிறகு டாங்கியைக் கழுத்துவரை வாளித் தண்ணீரில் இறக்கிப் பொறுமையாகப் பாருங்கள். அடித்தையலில் ஊசிமுனைத் துளை இருந்தால், கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்திலிருந்து கோடு போட்டதுபோல் எழும்பும். அளவுமானி, காற்றுத் திறப்புத் திருகு, எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக்கும் ஆவிக்குழாய் டாங்கியில் சேரும் இடம் ஆகியவற்றைத் தண்ணீரில் முக்காமல் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன மூட்டில் ஓர் ஈய வளையம் இருக்கும். ஒரு முறை நசுங்கியதை மறுபடி போட்டால் ஒழுகுவது வழக்கம், ஆகவே புதியது போடுங்கள்.

தையலில் ஊசித்துளை மட்டும் என்றால் ஈயப்பற்று வைக்கலாம். தகட்டின் நடுவில் வெடிப்பு ஓடியிருந்தால் அந்த டாங்கிக்கு இனி அழுத்தம் ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஈயம் வைக்கும்போது, காலியான டாங்கி என்று எண்ணி நெருப்புக் காட்டிவிடாதீர்கள். உள்ளே தங்கிய மண்ணெண்ணெய் ஆவி வெடிக்கும். சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, பற்றுவைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, தீச்சுடருக்குப் பதிலாகக் கனத்த சூட்டுக்கோலால் வேலை செய்யுங்கள்.

பித்தளைப்பிரியன்:

உங்கள் மைத்துனரின் ஆசையையும் முற்றாகத் தள்ள வேண்டியதில்லை. டாங்கி தேறாது என்று தெரிந்தால், ஆவிக்குழாயைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அந்த வழியாகவே கம்பியை மேலே கொண்டுபோய், மேண்டில் (சூடேறி ஒளிவிடும் வலைப்பை) தொங்கும் இடத்தில் மின்கலத்தால் எரியும் சிறு எல்.இ.டி.யைப் பொருத்தலாம். எந்தத் துளையும் வேண்டாம்; நினைத்தபோது பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஆயர்ஈத்தாம்_வாசி:

கசிவு அந்த ஈய வளையத்தில்தான். டாங்கி திடமாக இருக்கிறது. முதல் முறை ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை எவை?

பட்டர்வொர்த்_பட்டறை:

மகிழ்ச்சி ஐயா. வெட்டவெளியில், பக்கத்தில் ஈரச்சாக்கு வைத்துக்கொண்டு ஏற்றுங்கள். மண்ணெண்ணெயைத் தவிர வேறெதுவும் ஊற்றக் கூடாது, பெட்ரோல் ஒரு சொட்டும் ஆகாது. முக்கால் டாங்கிக்கு மேல் நிரப்பாதீர்கள். காற்றுக்கு இடம் வேண்டும். ஒரு லிட்டர் ஏறக்குறைய எட்டு மணி நேரம் எரியும். ஆவிக்குழாயை முதலில் சூடாக்கும் ஸ்பிரிட் கிண்ணம் எரிந்து முடியும் தறுவாய் வரை பொறுத்திருந்து பிறகு கைச்சக்கரத்தைத் திறங்கள். அவசரப்பட்டால் ஆவியாகாத எண்ணெய் வந்து மஞ்சளாகப் பற்றியெரிந்து கரி பிடிக்கும்; அப்படி ஆனால் உடனே காற்றுத் திறப்புத் திருகைத் தளர்த்தி அழுத்தத்தை விட்டுவிடுங்கள். ஒளி துடித்தால் கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், உள்ளேயுள்ள ஊசி, ஆவி வெளிவரும் நிப்பிளின் துளையைக் குத்தித் துப்புரவாக்கும்.

பழைய விளக்கோடு வந்த மேண்டிலைப் பயன்படுத்த வேண்டாம். அந்தக் காலத்து மேண்டில்களில் கதிரியக்கம் உள்ள தோரியம் இருக்கும்; அது உதிர்ந்து கிடந்தால் வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் கண்ணாடி தேடும்போது, வாங்குவதற்கு முன் உங்கள் கூட்டில் வைத்துப் பாருங்கள். அளவு சற்று இறுக்கமாக இருந்தாலும் சூட்டில் விரிய இடமின்றி உடைந்துவிடும்.