250 பெட்டி வரையணுமா, வளவை வரையணுமா?

காரைக்குடியான்:
என் மகள் இந்த லீவில் டிரா-அ-பாக்ஸ் (Drawabox) என்ற இலவச இணையப் பாடத்தில் ஓவியம் கற்கிறாள். முதலில் கோடு, நீள்வட்டம், பெட்டி. பிறகு தனியாக 250 பெட்டி. பேனாவில்தான் வரையணுமாம், அழிக்கக் கூடாதாம். எங்க வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல் பதிச்ச தரையும் நிலைக்கதவுச் சிற்பமும் கண்ணெதிரே இருக்கு. அதை விட்டுட்டு வெறும் பெட்டியா? பிள்ளையின் ஆசையே செத்துப்போகும். நம்ம வீட்டுப் பெண்கள் எந்தப் பாடம் படிச்சுக் கோலம் போடறாங்க?

கானாடுகாத்தான் ஆச்சி:
கோலத்துக்குப் பாடம் இல்லைன்னு யார் சொன்னது தம்பி? நேர்ப்புள்ளி கைக்கு வந்த பிறகுதான் ஊடுபுள்ளி, அதுக்கப்புறம்தான் சிக்கு. நடுவீட்டுக்கோலத்துக்கு அரிசிமாவைக் கரைச்சுத் துணியில நனைச்சு இழை இழுக்கணும். இழுத்ததை அழிச்சா தரையெல்லாம் திட்டுத் திட்டாயிடும். அதனால கை தரையில படறதுக்கு முன்னாடியே மனசு ஒருதரம் போட்டுப் பார்த்திடும். உங்க மகள் பேனாவில வரையறதும் இதுக்காகத்தான்.

காரைக்குடியான்:
சரி ஆச்சி, ஆனா கோலம் பழகுற பிள்ளைக்கு முதல் நாளே ஒரு சின்னக் கோலம் வாசலில் கிடைக்குது. போறவங்க வர்றவங்க பார்க்கிறாங்க. பெட்டி வரைஞ்ச நோட்டை யாருக்குக் காட்டுறது?

ஓவிய வாத்தியார்:
அண்ணே, நீங்க சொல்ற வளவை வச்சே சொல்றேன். புதுசா வர்ற பிள்ளை எல்லாத் தூணையும் ஒரே உயரத்தில் நிறுத்தும். தரைக் கல்லை மேலிருந்து பார்த்த மாதிரி சதுரம் சதுரமாகப் போடும். அதுக்குத் தெரிஞ்சது கல் சதுரம் என்பதுதான். கண்ணுக்கு முன்னால் அது சதுரமாக இல்லை. தள்ளிப்போகப் போகக் குறுகும், பக்கக் கோடுகள் கண்மட்டத்தை, அதாவது நம்ம கண் இருக்கும் உயரத்தை, நோக்கி ஒடுங்கும். கட்டம் போட்ட தரை சரியாக வந்திருக்கான்னு பார்க்க ஆல்பர்ட்டி என்ற கட்டடக் கலைஞர் 1435-லேயே இத்தாலியில் ஒரு வழி எழுதி வச்சார்: அடுத்தடுத்த கட்டங்களின் மூலைவிட்டம் ஒரே நேர்கோட்டில் விழணும். ஆத்தங்குடித் தரையை வரைஞ்சிட்டு ஸ்கேல் வச்சுப் பாருங்க, தப்பு உடனே தெரியும்.

தூணடி வட்டமும் அப்படித்தான். அது கண்ணுக்கு நீள்வட்டமாகத் தெரியும், கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க அந்த நீள்வட்டம் அகலமாகும். இது கைக்கு வராமல் தூண் வரைஞ்சா அது தரையில் உட்காராது. பெட்டிப் பயிற்சியில் வரைஞ்ச கோடுகளையெல்லாம் வேற நிற மையால் நீட்டிப் பார்க்கச் சொல்றாங்க. இணையான கோடுகள் ஒரே புள்ளியை நோக்கி ஒடுங்காமல் எங்கே விலகுதுன்னு பிள்ளையே கண்டுபிடிக்கும். பக்கத்தில் வாத்தியார் இல்லாத ஊரில் இது எவ்வளவு பெரிய உதவி!

காரைக்குடியான்:
அப்படின்னா அந்தத் தரையிலேயே தொடங்கலாமே! 250 எதுக்கு?

ஓவிய வாத்தியார்:
வளவில் உட்காரவச்சா பிள்ளையின் கண் நேரே சிற்பத்துக்குத்தான் போகும். நிலையின் சாய்வு பிடிபடும் முன்னே யாளியின் பல்லை வரைய ஆரம்பிச்சிடும். பெட்டியில் கண்ணை இழுக்க எதுவும் இல்லை, கோணம் மட்டும்தான். இன்னொன்னு, அந்தப் பாடமே வரையும் நேரத்தில் பாதியைப் பிடிச்சதை வரைய ஒதுக்கச் சொல்லுது. பலரும் அதை விட்டுட்டுப் பயிற்சியை மட்டும் செய்து சலிச்சுப் போறாங்க.

கானாடுகாத்தான் ஆச்சி:
அந்தப் பாதியை எங்க வளவுக்கு அனுப்புங்க தம்பி.

காரைக்குடியான்:
250 அதிகம்னுதான் இப்பவும் சொல்வேன். பாதி நேரக் கணக்கு எனக்குத் தெரியாது, அவளும் சொல்லலை. நாளைக்கே வளவில் உட்காரச் சொல்றேன்.

ஓவிய வாத்தியார்:
முடிக்கிற வரைக்கும் ஒரே இடத்தில் உட்காரட்டும் அண்ணே. நடுவில் எழுந்து நின்னு வரைஞ்சா கண்மட்டம் மாறிடும், தூணும் தரையும் ஒட்டாது.