ரோஜாச் செடியில் பூச்சி, நோய்: மனதை விட்டுப் போகாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

செந்தூல் மாடிவீடு:
கேமரன் மலைக்குப் போய் ரோஜாத் தொட்டி வாங்காமல் யார் திரும்புகிறோம், நானும் வாங்கி வந்தேன். மாடி வீடு, பால்கனிக்கு மேலே கூரை, மழை படாது, வெயில் மட்டும் நன்றாக அடிக்கும். கொஞ்ச நாளில் இலையில் பச்சை போய் ஊசியால் குத்தினாற்போல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, அப்புறம் நுனியில் மெல்லிய நூலாம்படை. பக்கத்துக் கடையில் 'எல்லாத்துக்கும் இதுதான்' என்று கொடுத்த மருந்துக்கு அது அசரவே இல்லை, சொல்லப்போனால் இன்னும் கூடியது. ஒரு கிளையை வெட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு சுங்கை பூலோ நர்சரி வரிசைக்குப் போனேன்.

ஒரு சீனப் பெரியவர். பையை வாங்கினார், ரசீதுப் புத்தகத்தைத் திருப்பி அதன் வெள்ளைப் பக்கத்தில் இலையைத் தட்டினார். தூசி விழுந்தது. பேசாமல் பார் என்று கையைக் காட்டினார். தூசி நடந்தது! அப்புறம் கட்டைவிரலால் ஒரே இழுப்பு, தாளில் துருநிறத்தில் கோடு. இது பூச்சி இல்லை, சிலந்தி ஜாதி, இதற்குப் பூச்சி மருந்து எதற்கு என்று மலாயில் கேட்டார். சிலந்திப்பேன் என்று அன்றைக்குத்தான் தெரியும். அலமாரி நிறைய மருந்து வைத்திருக்கிறவர் எனக்கு ஒன்றும் விற்கவில்லை. காலையில் இலைக்கு அடியில் தண்ணீரை வேகமாக அடி, மூன்று நாளைக்கு ஒரு தடவை, முட்டை பொரித்துக்கொண்டே இருக்கும், விடாதே என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ஏன் விற்கவில்லை என்பது இன்னும் மண்டையைக் குடைகிறது. வெறும் தண்ணீரில் யாருக்காவது தீர்ந்திருக்கிறதா?

சுங்கை ஆரா பையன்:
அக்கா, உங்களுக்கு நடந்தது தூசி, எங்களுக்குப் பறந்தது. பினாங்கில் தரை வீடு, அம்மா வாசலில் வரிசையாக ரோஜா வைத்திருக்கிறார். காலையில் பார்த்தால் இலை சல்லடை, பகலில் தலைகீழாகத் தேடினாலும் ஒன்றும் இருக்காது. புழு என்றார்கள், நத்தை என்றார்கள், நத்தை போன கோடு எங்கேயும் இல்லை. ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு டார்ச் அடித்தேன். இலைக்கு இலை பழுப்பு வண்டு, ஜோடி ஜோடியாக, மேலே வெளிச்சம் பட்டதும் பொத் பொத்தென்று கீழே விழுந்து செத்த மாதிரி கிடந்தது. அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் காலி மைலோ டின்னில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கிளைக்கு அடியில் பிடித்து உலுக்கினார். டின்னுக்குள் அது விழுகிற சத்தம் இருக்கிறதே, இன்றைக்கும் மைலோ டின்னைப் பார்த்தால் அதுதான் காதில் கேட்கிறது.

பகலெல்லாம் மண்ணுக்குள் இருக்கும், அதன் புழுவும் மண்ணுக்குள்தான் வேர் தின்கிறது. காலையில் மருந்து அடிக்கிறவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. இன்னொன்று, தண்ணீர் அடிப்பது உங்கள் கூரை போட்ட பால்கனிக்குச் சரி, எங்கள் ஊர் மழையில் இலையை இன்னும் நனைத்தால் கரும்புள்ளி நோய்தான் வரும்.

கெப்போங் கிராணி:
தம்பி சொல்வது பாதிதான் சரி. நான் தோட்டத்துக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் கதை சின்னது. பக்கத்து வீட்டுக்காரர் கரும்புள்ளி வந்த இலையையெல்லாம் பறித்து, என் வேலி ஓரமாகவே குவித்து வைத்தார், 'காய்ந்தால் உரம்' என்று சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. அடுத்த மழைக்கு என் செடியில் ஓரம் பிசிறிய கறுப்பு வட்டம், அதைச் சுற்றி மஞ்சள், அப்புறம் இலை கொட்டி வெறும் குச்சி.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அது பூஞ்சை. இலை ஏழு மணி நேரம் போல ஈரமாகவே இருந்தால்தான் உள்ளே இறங்கும். காலை எட்டு மணிக்குத் தண்ணீர் அடித்தால் பத்து மணிக்குள் காய்ந்துவிடும், அதில் பயமில்லை. சாயங்காலம் இடி மழை பெய்து ராத்திரி முழுக்க இலை சொட்டிக்கொண்டிருக்கிறதே, கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர் நவம்பரிலும், அதுதான் ஆபத்து. இது முக்கியமாகத் தண்ணீர் தெறித்துத்தான் பரவுகிறது, அதனால் தொட்டி மண்மேல் தேங்காய் மட்டைத் தூள் ஒரு விரல் கனத்துக்குப் போட்டு வையுங்கள், கீழே விழுந்த இலையைப் பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். குளிர் நாட்டில் இலை கொட்டி, கிளை வெட்டி, வருடத்துக்கு ஒரு தடவையாவது நோய்க்கு ஓய்வு கிடைக்கிறது. நமக்கு அது கிடையாது, கை ஓயக்கூடாது. செடியின் நடுவில் குறுக்கே போகிற கிளையை எடுத்துவிட்டால் காற்று போகும். காலை வெயில் படும் இடம் வேண்டும். மாங்கோசெப் என்கிற பூஞ்சை மருந்து தடுக்கத்தான், வந்த புள்ளியை அது அழிக்காது, இலையின் இரண்டு பக்கமும் படவேண்டும். சமையல் சோடா அடிக்கிறவர்களுக்கு: இலையில் வெள்ளை மாவு பூத்த மாதிரி வருகிற சாம்பல் நோய்க்கு அது கொஞ்சம் கேட்கும், கரும்புள்ளிக்கு நம்பாதீர்கள். கந்தகம் அடிப்பவர்கள் மொட்டை வெயிலில் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமலும் அடிக்காதீர்கள், இலை கருகிவிடும். வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு 5 மில்லி, பாத்திரம் கழுவுகிற சோப்பு இரண்டு சொட்டு, வெயில் இறங்கின பிறகு. கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் துடைக்கவும்.

செந்தூலுக்கு: உங்கள் கடைக்காரர் கொடுத்தது இமிடாகுளோபிரிட் என்கிற பூச்சி மருந்து வகையாக இருந்தால், சிலந்திப்பேன் கூடியதில் ஆச்சரியமே இல்லை. அந்த மருந்துக்குப் பிறகு பேன் பெருகுவது உலகம் முழுக்கத் தெரிந்த கதை. தண்ணீரில் அடங்காவிட்டால் அபாமெக்டின் என்கிற பேன் மருந்து இருக்கிறது, ஆனால் அதையே திரும்பத் திரும்ப அடித்தால் பேன் பழகிவிடும்.

மெர்தாஜாம் வீட்டுக்காரி:
கிராணி ஐயா, கதை நாலு வரி, பாடம் நாற்பது வரி! கோபப்படாதீர்கள், தேங்காய் மட்டை விஷயத்தை எழுதி வைத்துக்கொண்டேன்.

என் கதை. எங்கள் ரோஜா இலை ஓரத்தில் யாரோ காசு வைத்து வெட்டின மாதிரி அரை வட்டம் அரை வட்டமாகக் காணாமல் போயிருந்தது. வீட்டுக்காரர் கரப்பான் பூச்சிக்கு அடிக்கிற டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு தேனீ வந்து இலையில் உட்கார்ந்தது, சுற்றி ஒரு வெட்டு, வெட்டின துண்டைக் கால்களுக்கு நடுவில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பறந்தது. பச்சைத் துண்டு பறக்கிறதா, தேனீ பறக்கிறதா என்றே தெரியவில்லை. நான் டப்பாவைப் பிடுங்கினேன், அவர் ஏன் என்றார், நானும் பதில் தெரியாமல்தான் பிடுங்கினேன். அப்புறம் மகள் தேடிச் சொன்னாள், அது இலைவெட்டித் தேனீயாம், கூட்டுக்குள் அறை கட்ட எடுத்துப்போகிறது, தின்பதில்லை. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, பூ வழக்கம்போல வருகிறது. அந்த டப்பா மருந்து பட்டால் இலையே வெந்துபோகும், அது வேறு. இன்றுவரை வீட்டுக்காரர் 'உன் தேனீ வந்துவிட்டதா' என்று கிண்டல் செய்கிறார்.

பிரிக்பீல்ட்ஸ் மருமகள்:
எல்லாரும் இலையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு மொட்டு. சாமிக்கு வைக்கத்தான் செடியே, மொட்டு நன்றாக உருண்டு வரும், விரியும்போது இதழ் ஓரம் பழுப்பு, தீய்ந்த மாதிரி. இளந்தளிர் சுருண்டு செம்பு நிறம். கேட்ட இடமெல்லாம் வெயில் சூடு என்றார்கள். ஒரு காலையில் பாதி விரிந்த பூவைக் கிள்ளி உள்ளே ஊதினேன், அவ்வளவுதான், இதழுக்கு நடுவிலிருந்து மயிரிழை கனத்தில் மஞ்சளாக ஏதோ சரசரவென்று ஓடியது. இலைப்பேன், திரிப்ஸ் என்கிறார்களே அது, செந்தூல் அக்காவின் சிலந்திப்பேன் வேறு. அந்தப் பூவைத்தான் முந்தின நாள் சாமிக்கு வைத்திருக்கிறேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இதழுக்குள் ஒளிந்திருப்பதால் மேலே அடிக்கிற எதுவும் போய்ச் சேராது. கெட்ட மொட்டையெல்லாம் கிள்ளிப் பையில் இறுக்கிக் கட்டிப் போட்டேன், நீல நிற ஒட்டு அட்டை மாட்டினேன், குறைந்தது. ஆனால் மறுபடியும் வந்தது. பார்த்தால் பக்கத்துத் தொட்டியில் மிளகாய்ச் செடி, இலை எல்லாம் மேலே சுருண்டு படகு மாதிரி. மிளகாயில் வருகிற அதே பேன்தான் ரோஜாவுக்கும் வருகிறது. மிளகாய்ச் செடி மாமியாருடையது. நகர்த்துங்கள் அத்தை என்றேன், 'உன் ரோஜாவிலிருந்துதான் என் மிளகாய்க்கு வந்தது' என்கிறார். யார் சொல்வது சரி என்று எப்படி நிரூபிப்பது?

கெப்போங் கிராணி:
நிரூபிக்கவே வேண்டாம் அம்மா. இரண்டு செடியின் சுருண்ட தளிரையும் ஒரே நாளில் வெட்டி எடுங்கள். ஒன்றை மட்டும் வெட்டினால் மற்றதிலிருந்து திரும்பும்.

சுங்கை ஆரா பையன்:
கிராணி ஐயாவின் ஏழு மணி நேரக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வாசலில் காலை வெயிலே கிடையாது, பக்கத்து பிளாட் மறைக்கிறது, பத்து மணிக்குள் காயாது. நான் தண்ணீர் அடிக்க மாட்டேன்.

செந்தூல் மாடிவீடு:
நேற்று கிராணி ஐயா எழுதினதைப் படித்துவிட்டுக் குப்பையில் கிடந்த மருந்து டப்பாவை எடுத்துப் பார்த்தேன், இமிடாகுளோபிரிட்தான். தண்ணீர் தொடர்ந்து அடித்ததில் புதுத்தளிர் சுத்தமாக வருகிறது, பழைய இலை பச்சை திரும்பவில்லை. வாராவாரம் வெள்ளைத் தாளில் தட்டிப் பார்க்கிறேன், இந்த வாரம் தூசி நடக்கவில்லை.

மெர்தாஜாம் வீட்டுக்காரி:
அந்தப் பெரியவர் கடை எந்தப் பக்கம்? பள்ளி விடுமுறைக்குத் தங்கை வீட்டுக்கு வரும்போது போகலாம் என்றிருக்கிறேன்.

செந்தூல் மாடிவீடு:
பழைய தொழுநோய்க் குடியிருப்புப் பக்கம், அங்கே நர்சரிகள் வரிசையாக இருக்கும், முன்னால் செம்பருத்தித் தொட்டி அடுக்கியிருக்கிற கடை. கிளையை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள், போட்டோ காட்டினால் பார்க்கவே மாட்டார்.