விதி இறுகினால் புதுசு பிறக்குமா, செலவுதான் பிறக்குமா?

பீன்யா முலாம்காரன்:
பெங்களூரு பீன்யாவில் துத்தநாக முலாம் பட்டறை வைத்திருக்கிறேன். பதினொரு பேர் வேலை. கழிவுநீர் விதி இறுகினால் கம்பெனிகள் தானாகப் பசுமைக்கு மாறும் என்கிறாள் எம்பிஏ படிக்கும் மகள். எனக்கோ விதி என்றாலே சேறு அள்ளும் லாரி வாடகைதான் ஞாபகம் வருகிறது. யாருக்காவது நிஜமாகவே லாபம் வந்ததா?

சில்க்போர்டு நெரிசல்:
மகள் சொல்வது மேலாண்மைப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1991-இல் எழுதிய கருத்து அண்ணே: விதி இறுகினால் புதுமை பிறக்கும், அது செலவையும் ஈடுகட்டலாம் என்று. ஆனால் அவகாசம் முக்கியம். வண்டிப் புகைக்கான விதியைப் பாருங்கள்: பாரத் ஸ்டேஜ் 4-லிருந்து 5-ஐத் தாண்டி 6-க்குப் போவதை 2016-இல் அறிவித்தார்கள். அமல் 2020 ஏப்ரல் 1. அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான பைக்குகள் கார்புரேட்டரை விட்டு எரிபொருள் இன்ஜெக்‌ஷனுக்கு வந்தன.

பழைய தொட்டி:
பைக் கம்பெனியும் நம் பட்டறையும் ஒன்றா, சார்? நானும் முலாம் ஆள்தான். என்னை மாற்றியது உள்ளூர் விதி இல்லை. ஐரோப்பா 2006-இல் மின்னணுப் பொருள்களில் ஆறிணைதிறக் குரோமியத்தை, அதாவது குரோமியத்தின் நச்சு வடிவத்தைக் கட்டுப்படுத்தியது. ஏற்றுமதி செய்யும் வாடிக்கையாளர் அந்தக் குரோமியத்தில் செய்யும் மஞ்சள் பாசிவேஷன் (முலாம் அரிக்காமல் இருக்க மேலே போடும் பூச்சு) வேண்டாம் என்றார். நச்சு குறைந்த மூவிணைதிறக் குரோமியத்துக்கு மாறினேன். பொருளை முக்கும் ரசாயனக் கரைசல் விலை அதிகம், அதன் pH (அமிலத்தன்மை அளவு) கொஞ்சம் பிசகினாலும் நிறம் கெடும், முதல் மாதம் அழுகைதான். ஆனால் கழிவில் ஆறிணைதிறக் குரோமியத்தை மூவிணைதிறமாக ஒடுக்க ஊற்றிய பைசல்பைட் என்ற ரசாயனத்தின் செலவு போச்சு. அப்புறம் அலசும் தொட்டிகளை எதிரோட்டமாக இணைத்தேன்: கடைசித் தொட்டித் தண்ணீர் முந்தைய தொட்டிக்கு. வாங்கும் டேங்கர் தண்ணீர் பாதியானது.

பீன்யா முலாம்காரன்:
எதிரோட்டமா! எத்தனை தொட்டி, அண்ணே? என்னிடம் இடம் இரண்டுக்குத்தான் இருக்கிறது.

பழைய தொட்டி:
இரண்டே போதும். ஞாயிற்றுக்கிழமை வாங்க, காட்டுகிறேன். மகளையும் கூட்டிட்டு வாங்க.