மார்கழி இருட்டில் பெட்டி தேடப்போனபோது யாரைச் சந்தித்தீர்கள்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து:

ஜியோகேச்சிங்கில் பெட்டி கிடைத்த கதையை எல்லோரும் எழுதுகிறோம். வழியில் எதிர்ப்பட்டவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இந்தப் பனிக்காலத்தில் அதை எழுதலாமே என்று தோன்றியது. நானே தொடங்குகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: ஒருவர் சின்ன டப்பா ஒன்றை எங்கேயாவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஆப்பில் போடுவார். நாம் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் லாக் சீட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. மே 3-ம் தேதியே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பக்கெட்டை மறைத்து வைத்து, இடத்தை இணையத்தில் சொன்னார். அப்படித்தான் ஆரம்பித்தது.

கடலூரில் இதற்கு மார்கழியையும் தையையும் விட்டால் வேறு காலம் இல்லை. சித்திரையில் தேவனாம்பட்டினம் மணலில் பகலில் கால் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக் சீட்டு கூழாகிவிடும். மார்கழி பிறந்தால் வாடைக் காற்று வந்துவிடும். விடியற்காலையில் 20 டிகிரி வரை இறங்கும். மாலை 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வேலை முடிந்து கிளம்புகிறவன் டார்ச்சோடுதான் தேட வேண்டும்.

எனக்கு இரவுத் தேடல் மேல் தனி ஆசை உண்டு. குளிர் நாடுகளில் மரங்களில் ஒளியைத் திருப்பி அடிக்கும் குண்டூசிகளைக் குத்தி வைப்பார்கள். பகலில் கண்ணில் படாது. இருட்டில் டார்ச் அடித்தால் பொறி மாதிரி மின்னும். ஒன்றைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அடுத்தது என்று போனால் பெட்டி. நான் மரத்தில் எதையும் குத்தவில்லை. சைக்கிள் கடையில் கிடைக்கும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை நகத்தளவு வெட்டி, தாழங்குடா பக்கம் கடலோரச் சவுக்குத் தோப்பில், தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.

அந்தப் பக்கம் போக குண்டு உப்பலவாடியைத் தாண்டித்தான் போவேன். 1690-ல் ஆங்கிலேயர் புனித டேவிட் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை நிலமும் சேர்த்தி என்று பேச்சு. அப்படி வளைத்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். போன் திரையில், நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி ஜிபிஎஸ் போடுகிற அந்த நீல வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். அன்றைக்குக் குண்டு விழுந்த வட்டத்துக்குள் ஏற்கெனவே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு பல வாரம் என்னால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. தை பிறந்து நாலைந்து நாள் கழித்து, இரவு 10 மணிக்கு மேல், டப்பா இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்கப் போனேன். தோப்பில் நாலு மரம் சாய்ந்து கிடந்தது. ஸ்டிக்கர்களில் பாதியைக் காணோம். கடல் பக்கமாகச் சுற்றி வந்து, மணலிலிருந்து தோப்பைப் பார்த்து டார்ச் அடித்துக்கொண்டே நடந்தேன்.

"தம்பி, லைட்ட அணை. அணை மொதல்ல."

ஃபைபர் போட்டின் நிழலில் ஒரு பெரியவர் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். அணைத்துவிட்டு, "ஏண்ணே?" என்றேன். பதில் சொல்லாமல் கையை நீட்டினார். அலைக்கும் எனக்கும் நடுவே, இருபதடியில், கருங்கல் போல ஒன்று அசைந்தது. "பங்குனி ஆமை. முட்டை வைக்க ஏறுது. வெளிச்சம் பட்டா அப்படியே திரும்பிப் போயிடும்."

ஆலிவ் ரிட்லி என்று செய்தித்தாளில் படித்திருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. இருவரும் அசையாமல் உட்கார்ந்தோம். அது ஏறி வந்து இடம் பார்த்து நின்றது. பெருமூச்சு விடுவது காதில் விழுந்தது. பின் துடுப்பை உள்ளங்கை மாதிரிக் குவித்து மணலை அள்ளியது, அள்ளியதைச் சிந்தாமல் ஓரத்தில் வைத்தது. அப்புறம் மறு துடுப்பு. வாய் குறுகி அடி அகன்ற குடம் போலக் குழி. பின்னால் தவழ்ந்து போய்ப் பார்க்கச் சொன்னார். பந்து பந்தாக வெள்ளை முட்டைகள், இரண்டும் மூன்றுமாக விழுந்துகொண்டிருந்தன. முடிந்ததும் குழியை மூடி, உடம்பை இடமும் வலமுமாகச் சாய்த்துச் சாய்த்து, மணலைத் தட்டி இறுக்கியது. வீட்டில் அம்மா மண் தரையைத் தட்டிச் சமன் செய்வது போலவே இருந்தது. பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது.

அந்த மாதம்தான் சென்னைக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. பெரியவர் அதைச் சொன்னபோது அவர் குரல் மாறியது. நாயும் நரியும் தோண்டாமல் இருக்க விடியும் வரை காவல் இருந்து, வனத்துறை ஆட்கள் வந்ததும் இடத்தைக் காட்டுவாராம். அவர்கள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள். குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள் ஆகும். வந்த குஞ்சும் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பித்தான் போகும். என் டார்ச்சையும் நான் கட்டிய ஸ்டிக்கர்களையும் நினைத்து எனக்கு நெஞ்சு அடைத்தது.

நான் என்ன தேடுகிறேன் என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். "ரெண்டு வருஷமா இங்க லைட் அடிக்கிறவன் யாருன்னு பார்த்தா, நீங்கதானா?" என்றார். கோபம் இல்லை. ஆனால் இங்கே லைட் அடிக்கலாமா என்று நான் முதல் நாளே அவரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். தோப்புக்காரரிடம் கேட்ட நான், ராத்திரியில் அந்தக் கரையில் இருப்பவர்களிடம் கேட்கவில்லை.

மிச்சமிருந்த ஸ்டிக்கர்களை மறுநாளே அவிழ்த்துவிட்டேன். டப்பா கிடைத்தது. அதைச் சாலைப் பக்கம் நகர்த்தி, பகலில் மட்டும் தேடவும் என்று மாற்றிவிட்டேன். உங்கள் சந்திப்புகளை எழுதுங்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து:

படித்ததும் மனசு கனத்துவிட்டது. என்னுடையது இவ்வளவு பெரியது இல்லை, ஆனால் பயந்தது நிஜம்.

நண்பர் ஒருவர் எனக்காகப் புதிர் ஒன்று அமைத்திருந்தார். பழைய கலங்கரை விளக்கம் கட்டிய 1836, காந்தி சிலையைச் சுற்றியுள்ள 8 தூண்கள், இப்படிக் கிடைக்கிற எண்களைக் கூட்டிக் கழித்தால் கடைசி இடம் வரும். கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை விடமாட்டார்கள், நடக்க வசதி என்று டிசம்பர் 5-ம் தேதி இரவு போனேன். மறுநாள் 6-ம் தேதி, பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லும் நாளில், நான் ஒரு பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் பின்னால் நின்று, "என்ன சார் தேடுறீங்க?" என்றார். சாவி தொலைந்துவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. போனைக் காட்டி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, காந்த டப்பாவைத் தானே எடுத்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் திறந்தார். உள்ளே சுருட்டிய காகிதம். "வெளியில என்னன்னு எழுதி ஒட்டுங்க. இந்த ரோட்டுல வைக்கவே வேணாம்" என்றார். இரண்டும் நியாயம். அன்றைக்கே எடுத்துவிட்டோம். பொய் சொல்லியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

என் அத்தை மகன் பிரான்ஸில் லில் நகரத்தில் இருக்கிறான். அங்கே டிசம்பரில் காலை 8.45 வாக்கில் விடிந்து, மாலை 4.45-க்கெல்லாம் இருட்டிவிடும். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும் என்று சட்டைக்குள் வைத்துக்கொள்வானாம், பேனா மை உறைந்துவிடும் என்று பென்சில் எடுத்துப்போவானாம். பனி கொட்டிய மறுநாள் தேடப்போவதே இல்லை. காலடித் தடம் பெட்டியைக் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

நான் ராத்திரியில் போவதில்லை. பெண்ணாகத் தனியே போக எனக்குத் தைரியம் வந்தது மார்கழி விடியற்காலையில்தான். நாலரை மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். தெருவெல்லாம் தண்ணீர் தெளிக்கும் சத்தம், வாசலுக்கு வாசல் பெண்கள். அதைவிடப் பாதுகாப்பான இருட்டு எனக்குத் தெரியாது.

முதல் முறை தப்பான தெருவுக்குப் போய்விட்டேன். அட்சரேகையில் டிகிரிக்கு அடுத்து 44.250 நிமிடம் என்று இருந்ததை, 44 நிமிடம் 25 விநாடி என்று போட்டுவிட்டேன். 0.250 நிமிடம் என்றால் 15 விநாடிதான். 10 விநாடி கூடிப்போனதில், வடக்கே மட்டும் 300 மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருந்தேன். போனைப் பார்த்தபடி ஒரு வாசலில் நின்றதில், புள்ளி வைத்த கோலத்தை மிதிக்க இருந்தேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்கா, "பார்த்தும்மா, பார்த்து" என்று என் காலைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்டு, எதற்கு வந்தேன் என்று சொன்னேன். நடுவில் பூசணிப் பூவைச் செருகிவிட்டு எழுந்து, "விளக்குக் கம்பம் பக்கத்துலன்னு போட்டிருக்கா? அப்போ அடுத்த தெருவுக்கும் அடுத்த தெரு" என்று கூடவே வந்தார். பெட்டியைக் கண்டுபிடித்தது அவர்தான். லாக் சீட்டில் முதலில் அவர் பெயரை எழுதச் சொன்னேன். சீட்டில் இடம் கொஞ்சமே இருந்தும், பெயரோடு கம்பி போல ஒரு சின்னச் சிக்குக் கோலமும் போட்டார். இப்போது ஒவ்வொரு மார்கழியும் அந்த வாசலுக்கு ஒரு முறையாவது போய்விடுகிறேன்.

மஞ்சக்குப்பத்துக்காரரிடம் ஒரு கேள்வி: அரையாண்டு லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 26-ம் தேதி உங்கள் பெட்டியைத் தேட வரலாமா?

மஞ்சக்குப்பத்திலிருந்து மீண்டும்:

தாராளமாக வாருங்கள், ஆனால் 26 வேண்டாம் அக்கா. 2004-ல் அதே நாளில் வந்த சுனாமி அலை நம் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அன்றைக்குக் கரையில் யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். விடிந்ததும் பாலும் பூவும் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று டப்பா தேடுவது சரியாக இருக்காது. 25-ம் தேதியே அதை எடுத்து வீட்டில் வைத்துவிடுவேன், 27 மாலை திரும்ப வைப்பேன்.

28 காலை 7 மணிக்கு வாருங்கள். பெரியவரிடமும் சொல்லி வைக்கிறேன், பிள்ளைகளுக்கு ஆமை கதை சொல்வார். ஒருவேளை வேறொரு நாள் மாலையில் வந்து, நேரமாகி இருட்டிவிட்டால், டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். அதையும் கால் அடியைப் பார்த்து மட்டும் அடியுங்கள், கடல் பக்கம் வேண்டாம்.